பொண்ணுங்க ஒயின் டூர் போனா யாருக்கு என்ன பிரச்சினை?

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் மாப்பிள்ளை தன் சேக்காளிகளோடு தென்னந்தோப்புக்குப் போவான். ஆலங்குடிப் பக்கம் தோப்புக்கா பஞ்சம்? பம்புசெட்டுத் தொட்டி ஓரத்தில் பாட்டில்கள், வறுத்த கோழி, பிளாஸ்டிக் டம்ளர், விடிய விடியப் பாட்டு. அதற்கு 'பேச்சிலர் பார்ட்டி' என்று பெயர். மறுநாள் கண் சிவந்து வந்து நிற்பவனைப் பார்த்து மாமன் ஒருவர் "என்ன மாப்ள, ராத்திரி கச்சேரி பலமா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். விஷயம் அதோடு முடிந்தது.

அதே கல்யாணத்துப் பொண்ணு, கூடப் படித்த தோழிகளோடு பெங்களூர்ப் பக்கம் நந்தி மலை அடிவாரத்துக்குப் போய், ஒரு திராட்சைத் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, ஒயின் எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, நாலு வாய் ருசி பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறேன் என்று வீட்டில் சொல்லிப் பார்க்கட்டும். முதலில் அம்மா அழுவார். அப்புறம் அப்பாவுக்கு பிரஷர் ஏறும். சித்தப்பா போனைப் பிடுங்குவார். சேதி மாப்பிள்ளை வீட்டுக்குப் போனால் கல்யாணமே நின்றாலும் நிற்கும்.

மாப்பிள்ளை குடித்தால் கச்சேரி. பொண்ணு ருசி பார்த்தால் குடும்ப மானம். இந்தக் கணக்குக்குத்தான் கலாச்சாரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கணக்கு சரியா என்று ஒருமுறை கூட்டிக் கழித்துப் பார்த்துவிடலாம்.

அது என்ன ஒயின் டூர்?

'பேச்சிலரெட் பார்ட்டி' மேல்நாட்டுச் சரக்கு, சந்தேகமே இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் மணப்பெண்ணைத் தோழிகள் எங்காவது கூட்டிப்போய்க் கொண்டாடுவது. கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கு மாதிரித் திராட்சை விளையும் இடங்களில் இப்படி வரும் பெண்கள் கூட்டத்துக்கென்றே வேன் விடுகிறார்கள். இந்தியாவில் இதற்கு இரண்டு இடங்கள் பேர்போனவை. ஒன்று மகாராஷ்டிரத்தின் நாசிக். ராஜீவ் சமந்த் தொடங்கிய சுலா ஒயினரி அங்கேதான் இருக்கிறது. இன்னொன்று கர்நாடகத்தின் நந்தி மலை. கன்வல் குரோவர் 1988-ல் அங்கே தொடங்கிய தோட்டம் இன்று குரோவர் ஸம்பா என்ற பெயரில் நடக்கிறது.

ஆலங்குடிக்காரிக்கு நாசிக் ரொம்ப தூரம். நந்தி மலை எட்டும் தூரம். புதுக்கோட்டை போய், திருச்சி போய், ராத்திரி வண்டி பிடித்தால் விடியும்போது பெங்களூர். அங்கிருந்து தோட்டத்துக்கு வேனில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்.

அங்கே போனால் என்ன நடக்கும்? கலாச்சாரக் காவலர்கள் நினைப்பது மாதிரி ஒன்றும் நடக்காது. ஒரு ஊழியர் வந்து கூட்டிக்கொண்டு போவார். பழத்தை நசுக்கும் இடம், சாறு நொதிக்கும் பெரிய எஃகுத் தொட்டிகள், ஓக் மரப் பீப்பாய்கள் அடுக்கிய குளிர்ந்த அறை. சிவப்பு ஒயினுக்கு நிறம் தோலிலிருந்து வருகிறது, அதனால் தோலோடு நொதிக்க விடுவார்கள், வெள்ளைக்கு முதலிலேயே சாற்றைப் பிழிந்துவிடுவார்கள் என்பது மாதிரி விளக்கம். கல்லூரியில் போன 'இண்டஸ்ட்ரியல் விசிட்' மாதிரிதான். கடைசியில் மேசையைச் சுற்றி நிற்க வைத்து நாலைந்து வகையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார்கள். ஆட்டிப் பார், மோந்து பார், ஒரு வாய் வைத்துப் பார், பிடிக்கவில்லையா, துப்பிவிடு. துப்புவதற்கென்றே பாத்திரம் இருக்கும்.

இதில் உள்ளே போகும் சாராயம் எவ்வளவு என்று ஒரு சின்னக் கணக்கு. ஒரு வகைக்கு 40 மில்லி என்று வைத்தால் ஐந்து வகைக்கு 200 மில்லி. ஒயினில் ஆல்கஹால் 13 சதவீதம் என்றால் 26 மில்லி. தோப்பில் மாப்பிள்ளை உடைக்கும் குவார்ட்டர் 180 மில்லி, அதில் 42.8 சதவீதம், ஆக 77 மில்லி. பொண்ணு ஒரு சொட்டுக்கூடத் துப்பாமல் எல்லாவற்றையும் குடித்தாலும் மாப்பிள்ளையின் ஒரு குவார்ட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். மாப்பிள்ளை ஒரு குவார்ட்டரோடு எழுந்திருப்பான் என்று நம்புகிறவர்கள் கை தூக்கலாம்.

ஒயின் இல்லாத ஒயின்ஷாப்

தமிழ்நாட்டில் ஒரு விசித்திரம். சாராயக்கடைக்கு ஊர் வைத்த பெயர் ஒயின்ஷாப். உள்ளே போய் ஒயின் கேட்பவனை ஏற இறங்கப் பார்ப்பார்கள். விற்பதெல்லாம் பிராந்தி, ரம், விஸ்கி, பீர். 'ஒயின்ஷாப்புக்குப் போனான்' என்று ஆண்பிள்ளையைப் பற்றிச் சொன்னால் அது வெறும் தகவல். 'ஒயின் தோட்டத்துக்குப் போனாள்' என்று பெண்ணைப் பற்றிச் சொன்னால் அது தீர்ப்பு.

அந்தக் கடையை நடத்துவது யார்? அரசாங்கம். 1937-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார். 1971-ல் கருணாநிதி ஆட்சி அதை நீக்கியது, 1974-ல் அவரே மறுபடி கொண்டுவந்தார். 1981-ல் எம்ஜிஆர் ஆட்சியில் மீண்டும் கடை திறந்தது. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 2003-ல் ஜெயலலிதா ஆட்சி சில்லறை விற்பனையையும் டாஸ்மாக் கையில் கொடுத்தது. 2023 ஜூனில் 500 கடைகளை மூடியபோது அதற்கு முன் இருந்த கடைகளின் எண்ணிக்கை 5,329. 2024-25 நிதியாண்டில் மது விற்பனையால் அரசுக்கு வந்த வருவாய் 48,000 கோடி ரூபாய்க்கு மேல். இவ்வளவு பணமும் யார் பாக்கெட்டிலிருந்து போனது? ஒயின் டூர் போன பெண்களின் கைப்பையிலிருந்தா?

மத்தியானம் 12 மணிக்குக் கடை திறக்கும்போது வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்து எந்தக் கலாச்சாரக் காவலரும் கொதித்ததில்லை. அந்த வரிசைதான் அரசாங்கத்துக்கே படியளக்கிறது. ஏழு பெண்கள் வருஷத்தில் ஒருநாள், அதுவும் வெளி மாநிலத்தில், ஒரு கிளாஸைத் தூக்கினால் மட்டும் தமிழ்ப் பண்பாடு கீழே விழுந்து மண்டை உடைகிறது. அவ்வளவு பலவீனமான பண்பாடா அது?

யவனர் கொண்டுவந்தது

பண்பாடு என்றதும் சங்க காலத்துக்கு ஓடுவார்கள். ஓடட்டும், அங்கேயும் அவர்களுக்கு நிம்மதி இல்லை. அதியமான் இறந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. தனக்குக் கள் கொடுத்து உபசரித்த தலைவனை நினைத்துத்தான் அதில் அவர் உருகுகிறார். யவனர் கப்பலில் கொண்டுவந்த மதுவைப் பற்றியும் அதே புறநானூறு பேசுகிறது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ஒயின் கொண்டுவரும் ரோமானிய ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. ஆலங்குடி வட்டாரத்துக் கறுக்காகுறிச்சியில் 1898-ல் 501 ரோமானியப் பொற்காசுகள் புதையலாகக் கிடைத்தன. ஒயின் குடிக்கும் தேசத்தோடு இந்த மண்ணுக்கு ஈராயிரம் வருஷத்துப் பற்று வரவு இருக்கிறது.

ஔவை குடித்தார், அதனால் எல்லோரும் குடிக்கலாம் என்பதல்ல வாதம். அப்படிச் சொன்னால் அது அபத்தம். பெண் கையில் கிண்ணம் இருப்பதே தமிழுக்கு விரோதம் என்று சொல்பவர்கள் தமிழைப் படித்ததில்லை என்பதுதான் வாதம்.

மங்களூரில் நடந்தது

இது வெறும் வாய்ச்சண்டை விஷயமும் இல்லை. 2009 ஜனவரி 24 அன்று மங்களூரில் ஒரு மதுக்கூடத்துக்குள் ஸ்ரீராம் சேனை ஆட்கள் புகுந்து, அங்கே இருந்த பெண்களை அடித்துத் துரத்தினார்கள். டிவி கேமராக்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே. காரணம் கேட்டால் இந்தியக் கலாச்சாரம் என்றார்கள். பெண்கள் அமைதியாக இருக்கவில்லை. அடுத்த மாதமே காதலர் தினத்துக்கு அந்த அமைப்பின் தலைவர் பிரமோத் முத்தாலிக்குக்கு இளஞ்சிவப்பு உள்ளாடைகளைப் பார்சலில் அனுப்பும் போராட்டம் நடத்தி நாட்டையே சிரிக்க வைத்தார்கள். சிரிப்பு ஒருபக்கம் இருக்கட்டும். வழக்கு என்ன ஆனது? 2018 மார்ச்சில் முத்தாலிக் உட்படக் குற்றம்சாட்டப்பட்டவர்களை நீதிமன்றம் விடுதலை செய்தது. நாடே டிவியில் பார்த்த அடி, யாரும் அடிக்காத அடியாக முடிந்தது.

அந்த மதுக்கூடத்தில் ஆண்களும்தான் இருந்தார்கள். அன்றைக்குக் குறி குடி இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த பகுதிக்குப் போகலாம்.

கம்பம் பரீட்சை

"நாங்க ஒண்ணும் பழைய காலத்து ஆளுக இல்ல. பிள்ளைக சுத்திப் பாக்கட்டும். குடிதான் வேணாம்" என்பார்கள் கொஞ்சம் நாகரிகமான அப்பாக்கள். நியாயமான பேச்சு. இதற்கு ஒரு எளிய பரீட்சை வைக்கலாம்.

தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கு. பன்னீர் திராட்சைக்குப் பேர்போன இடம். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்த கொடி என்கிறார்கள். 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வருஷம் முழுக்கப் பழம் இருக்கும். பந்தலுக்குக் கீழே நடக்கலாம், பழம் பறித்துத் தின்னலாம், ஜூஸ் குடிக்கலாம், பக்கத்தில் சுருளி அருவி. ஒரு சொட்டு ஒயின் இல்லை. திராட்சை உண்டு, தோழிகள் உண்டு, மணப்பெண் உண்டு. இதுவும் டூர்தான்.

இப்போது அந்த அப்பாவிடம் கேட்கட்டும்: "அப்பா, நாங்க ஏழு பேரு, வேன் எடுத்துட்டு கம்பம் போயி ஒரு ராத்திரி தங்கிட்டு வர்றோம்."

பதில் என்னவாக இருக்கும்? "கூட யாரு வர்றா?" இந்தக் கேள்விக்கு 'யாரு' என்றால் எந்த ஆம்பளை என்று அர்த்தம். தம்பி வருகிறானா, பெரியப்பா வருகிறாரா. பன்னிரண்டாவது படிக்கும் தம்பி வந்தால் போதும், இருபத்தாறு வயது அக்காவுக்கும் அவள் தோழிகளுக்கும் பாதுகாப்பு வந்துவிடும். யாரும் வரவில்லை என்றால் கம்பமும் கிடையாது. கல்யாணத் தேதி குறித்த பொண்ணு வாசல் தாண்டக் கூடாது என்பதில் வந்து நிற்பார்கள்.

ஆக, பிரச்சினை ஒயினில் இல்லை. ஒயினை எடுத்துவிட்டாலும் பிரச்சினை அப்படியே இருக்கிறது. பெண்கள் ஆண் துணை இல்லாமல், அவர்களாகவே முடிவு செய்து, அவர்களாகவே பணம் போட்டு, ஒன்றாகக் கிளம்புவதுதான் பிரச்சினை. ஒயின் அதற்கு வசதியாகக் கிடைத்த சாக்கு.

இந்த மாவட்டத்துக்கு இதெல்லாம் புதுசா?

வேறு ஊர்க்காரர்கள் இப்படிப் பேசினால்கூடப் போகட்டும் என்று விடலாம். புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்கள் பேசக் கூடாது. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இங்கே நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். பத்திரிகையாளர் சாய்நாத் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அவர் கணக்குப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஒன்றரை வருஷத்தில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்கள் புதுக்கோட்டை வீதிகளில் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறி மிதித்தார்கள்.

அன்றைக்கு என்ன பேசினார்கள்? அசிங்கமாகப் பேசினார்கள். காது கொடுத்துக் கேட்க முடியாத கமெண்ட்டெல்லாம் வந்தது. சைக்கிளில் ஆல்கஹால் எத்தனை சதவீதம்? ஒன்றும் இல்லை. ஆனாலும் ஏசினார்கள். ஏனென்றால் சைக்கிள் ஏறியவள் பஸ்ஸுக்காகவோ புருஷனுக்காகவோ அண்ணனுக்காகவோ காத்திருக்க வேண்டியதில்லை. அவள் நினைத்தால் கிளம்பலாம். கோபம் முழுக்க அந்தக் 'கிளம்பலாம்' மேல்தான். இன்றைக்கு அதே அறிவொளிச் சைக்கிளை மாவட்டத்தின் பெருமை என்று மேடை போட்டுப் பேசுகிறார்கள். அன்று ஏசிய வாய்களும் அதில் இருக்கும்.

2017 பிப்ரவரியில் ஆலங்குடி தாலுகா நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராகப் போராட்டம் வெடித்தபோதும், பந்தலில் பெண்கள் நாள் கணக்கில் உட்கார்ந்தார்கள். ஊருக்கு அவர்கள் தேவைப்பட்டபோது பெண்கள் கூட்டமாக வெளியே வருவது வீரம். தங்களுக்காக, சும்மா சிரித்துப் பேச வெளியே போனால் ஒழுக்கக்கேடு. இதுதான் வேடிக்கை.

எதிர்க்கேள்வி ஒன்று

இதற்கெல்லாம் கனமான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. அது கலாச்சாரக் காவலர்களிடமிருந்து வருவதில்லை. டாஸ்மாக் கடையை மூடச் சொல்லி ரோட்டில் உட்கார்ந்த பெண்களிடமிருந்து வருகிறது. 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் கடைக்கு எதிராகப் போராடிய பெண்ணை ஒரு போலீஸ் அதிகாரி கன்னத்தில் அறைந்ததை ஊரே வீடியோவில் பார்த்தது. இப்படி அடி வாங்கிய பெண்கள், "நாங்க குடியை ஒழிக்கப் பாடுபடுறோம், நீங்க டூர் போயி குடிச்சுப் பழகுறீங்களா?" என்று கேட்டால் என்ன பதில்?

மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். ஒயின் மருந்து இல்லை. இதயத்துக்கு நல்லது என்ற பழைய கதை இப்போது செல்லாது. எந்த அளவு மதுவும் உடலுக்குப் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. ஒயின் என்று சொன்னால் கௌரவம், பிராந்தி என்றால் கேவலம் என்று பிரிப்பதும் பணக்காரத் திமிர்தான். குடித்தால் விடுதலை என்று ஒரு கோஷ்டி நினைக்கிறது. குடியால் விடுதலை வரும் என்றால் தமிழ்நாட்டு ஆண்களைவிட விடுதலை அடைந்த கூட்டம் உலகத்திலேயே இருக்க முடியாது.

ஆனால் சாமளாபுரத்துப் பெண் எதை எதிர்த்தாள்? கூலிப் பணத்தைப் பிடுங்கும் கடையை, வீட்டுக்கு வந்து அடிக்கும் கையை. அவளை அறைந்ததும் ஒரு ஆணின் கைதான். 'பொம்பளைக்கு இங்க என்ன வேலை' என்பதுதான் அந்த அறைக்கு அர்த்தம். குடிக்காதே என்று சொல்ல வந்தவளுக்கும் அதே அறை, குடிக்க உட்கார்ந்தவளுக்கும் மங்களூரில் அதே அறை. இரண்டு பெண்களையும் எதிரெதிரே நிறுத்திச் சண்டை மூட்டுபவர்களுக்கு இந்த ஒற்றுமை மட்டும் கண்ணில் படாது.

தோழிகளுக்கும் கொஞ்சம்

எனவே பெண்கள் போகட்டும். ஆனால் போகிற லட்சணத்தைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. டூரை ஏற்பாடு செய்யும் தோழி பல சமயம் அப்பாக்களைவிட மோசமான சர்வாதிகாரியாக இருக்கிறாள்.

ஆலங்குடியில் ஒன்றாகப் படித்த ஏழு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒருத்தி சென்னையில் ஐடி. ஒருத்தி திருப்பூர் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். ஒருத்தி உள்ளூர் தனியார் பள்ளியில் டீச்சர். ஒருத்தி நர்ஸ். ஒருத்தி டிஎன்பிஎஸ்சிக்குப் படித்துக்கொண்டு வீட்டில் இருக்கிறாள். ஒருத்திக்குக் கல்யாணமாகிக் கைக்குழந்தை. ஏழாவது ஆள் மணப்பெண். ஐடிக்காரி பிளான் போடுகிறாள்: ரிசார்ட், ஒரே கலரில் டிரஸ், 'பிரைட்' என்று எழுதிய பட்டை, போட்டோகிராபர். தலைக்கு இவ்வளவு என்று மெசேஜ் வருகிறது. அடுத்த நிமிஷம் டீச்சருக்கு 'அன்றைக்கு ஒரு வேலை' வந்துவிடுகிறது. டிஎன்பிஎஸ்சிக்காரிக்குக் காய்ச்சல் வந்துவிடுகிறது. யாருக்கும் காய்ச்சல் இல்லை, பணம் இல்லை. அப்பா தடுத்ததால் வராமல் போவதற்கும், பட்ஜெட் தடுத்ததால் வராமல் போவதற்கும் வராதவளுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

செய்ய வேண்டியது எளிது. முதலில் இடத்தைப் பேசாமல் பணத்தைப் பேச வேண்டும். பொதுவில் கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். ஒவ்வொருத்தியிடமும் தனியாகக் கேட்டு, அதில் குறைந்த தொகை எதுவோ அதுதான் தலைக்குப் பட்ஜெட். மணப்பெண்ணின் பங்கை மற்றவர்கள் பகிர்ந்துகொள்வது வழக்கம், அதையும் அந்தத் தொகைக்குள்ளேயே அடக்க வேண்டும். ரிசார்ட் கழன்று போகும், போகட்டும். ராத்திரி வண்டியில் போய், குளித்து மாற்ற ஒரு அறை எடுத்து, பகலில் தோட்டம் பார்த்து, மறுபடி ராத்திரி வண்டியில் ஏறினால் பாதிச் செலவு மிச்சம்.

காலமும் முக்கியம். அங்கே அறுவடை ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. தை முகூர்த்தம் என்றால் பழத்தோடு பார்க்கலாம். ஆனி ஆவணிக் கல்யாணம் என்றால் இலைதான் மிச்சம். முன்கூட்டியே புக் பண்ண வேண்டும். குடியரசு தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி மாதிரி நாட்களில் போய் நின்றால் தொட்டியை மட்டும் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான்.

வண்டியை யாரும் ஓட்டக் கூடாது. 'நான் கொஞ்சம்தான் குடிச்சேன்' என்பது ஆம்பளைகள் பேசித் தேய்ந்த வசனம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை ஜெயில். டிரைவரோடு வேன் எடுக்க வேண்டும், அந்த டிரைவருக்கும் சாப்பாடு வாங்கிக் கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் மேசைக்குப் போகக் கூடாது. 21 வயது நிரம்பாத தங்கச்சியைக் கூட்டிப்போனால் அவளுக்கு ஜூஸ்தான்.

அதைவிட முக்கியம், குடிக்காதவளை விட்டுவிட வேண்டும். ஏழு பேரில் மூன்று பேராவது குடிகார அப்பாவோடு வளர்ந்திருப்பார்கள். வாடை வந்தாலே அவர்களுக்குக் குடல் புரளும். அவர்களைப் பார்த்து "ஏய் பழம், ஒரே ஒரு வாய்டி" என்று கட்டாயப்படுத்துபவள், தோப்பில் புதுப் பையன் வாயில் டம்ளரைத் திணிக்கும் சேக்காளிக்கு எந்த விதத்தில் உசத்தி? தோட்டம் சுற்றிப் பார்த்துவிட்டு மேசையில் ஜூஸோடு உட்கார்ந்திருப்பவளும் முழு டூர் வந்தவள்தான்.

போட்டோ விஷயத்தில் மணப்பெண் சொல்வதுதான் சட்டம். மாப்பிள்ளையின் தோப்பு போட்டோ வெளியே வந்தால் லைக் விழும். பொண்ணின் கிளாஸ் போட்டோ வெளியே வந்தால் நிச்சயம் முறியும். இது அநியாயம். ஆனால் அந்த அநியாயத்தை எதிர்த்துப் போராட வேண்டுமா, எப்போது, எப்படி என்பதை விலை கொடுக்கப் போகிறவள்தான் தீர்மானிக்க வேண்டும். அடுத்தவள் கல்யாணத்தை வைத்து ஸ்டேட்டஸில் புரட்சி செய்யக் கூடாது.

கடைசியாகப் பொய். 'ஆபீஸ் டிரெய்னிங்', 'ஃப்ரெண்டு வீட்டு கிரகப்பிரவேசம்' என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். பொய் சொல்ல வைப்பது வீடுதான், பழி வீட்டின் மேல்தான். ஆனால் வழியில் வேன் பஞ்சர் ஆகி ஆஸ்பத்திரி வரை போக நேர்ந்தால், எங்கே இருக்கிறாள் என்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது. அக்காவோ அத்தாச்சியோ அம்மாயியோ, வீட்டில் ஒரே ஒருத்திக்காவது உண்மை தெரிந்திருக்க வேண்டும். கேட்டுப் பார்த்தால் பல அம்மாயிகள் "போயிட்டு வாடி, நான் பாத்துக்கிறேன்" என்றுதான் சொல்வார்கள். அவர்களுக்குத் தெரியும் கல்யாணத்துக்குப் பிறகு என்ன நடக்கும் என்று.

கல்யாணத்துக்குப் பிறகு

என்ன நடக்கும்? மாப்பிள்ளையின் சேக்காளிகள் அதே டீக்கடையில், அதே பெஞ்சில் இருப்பார்கள். கல்யாணமான மறுவாரமே அவன் அங்கே போய் உட்கார்ந்துவிடலாம். பத்து வருஷம் கழித்தும் போகலாம். பொண்ணுக்கு ஊர் மாறும், வீடு மாறும், நேரம் மாறும். தோழி போன் செய்தால் "யாரு அது, எந்நேரமும் பேச்சு?" என்று ஒரு குரல் கேட்கும். கல்யாண மண்டபத்தில் எடுத்த குரூப் போட்டோதான் பல பெண்களுக்கு நட்பின் கடைசி ஆவணம். அந்த ஏழு பேரில் கைக்குழந்தைக்காரியைக் கேட்டால் தெரியும். இந்த டூரில் யாருக்கும் ஒயின் வேண்டாம் என்றாலும், அந்த ஒரு பகல் அவளுக்கு வேண்டும்.

நலங்கு உண்டு, பெண்ணழைப்பு உண்டு, சீர் உண்டு. எல்லாம் இரண்டு குடும்பத்துக்கு நடுவில் நடப்பவை. தோழிகளுக்கென்று கல்யாணத்தில் ஒரு சடங்கும் கிடையாது, மேடையில் கிஃப்ட் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்பதைத் தவிர. அந்தக் காலியிடத்தில்தான் இந்த மேல்நாட்டுச் சரக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது. அது பிடிக்கவில்லை என்றால் உள்ளூரிலேயே வேறு ஒன்றைக் கொடுக்கட்டும். கம்பம் கொடுக்கட்டும், கொடைக்கானல் கொடுக்கட்டும், கொல்லைப்புறத் தோப்பையாவது ஒரு ராத்திரி கொடுக்கட்டும். எதையும் கொடுக்காமல், அவர்களாகத் தேடிக்கொண்டதையும் பிடுங்கிவிட்டு, அதற்குக் கலாச்சாரம் என்று பெயர் வைப்பதை மட்டும் நிறுத்தட்டும்.